வீட்டுப் பியர்: மோல்ட்டும் ஹொப்ஸும்

வீட்டில் பியர் செய்கிறேன் என்றால் எங்கட ஆக்கள் சிலர், "கசிப்போ?" என்று கேட்கிறார்கள். இல்லை. கசிப்பு வடிப்பது, பியர் புளிக்க வைப்பது. பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்குப் பியர் செய்ய 1963 முதல் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் அனுமதியின்றி வடிப்பது குற்றம். பியரை விற்பதற்கும் அனுமதி வேண்டும். தண்டனை பெற்றால் குடியுரிமை விண்ணப்பத்தையும் அது பாதிக்கலாம்.

கள்ளு தானாகப் புளிக்கும், பியருக்கு நாங்கள் மதுவம் இட வேண்டும். மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பது முளைத்த பார்லியின் இனிப்புச் சாற்றை வற்ற வைத்தது. தூளாக 1 கிலோ எடுத்து, 6 லீற்றர் தண்ணீரில் கரைத்து, 20 கிராம் ஹொப்ஸ் பூவுடன் 60 நிமிடம் கொதிக்க விடுவேன். நன்கு கொதித்தால்தான் கசப்பு இறங்கும். கடைசி 5 நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் ஹொப்ஸ், அது வாசத்துக்கு. பிறகு ஆற்றி, தண்ணீர் சேர்த்து 10 லீற்றராக்கி, 20 பாகைச் சூட்டில் மதுவம் இடுவேன். பாத்திரங்கள் கிருமி நீக்கியவையாக இருக்க வேண்டும்.

இனித்தான் பொறுமை தேவை. புளிக்காத சீனி மிஞ்சியிருக்கப் போத்தலில் அடைத்தால், வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும். பிள்ளைகள் ஓடித்திரியும் வீடுகள் எங்களுடையவை. ஹைட்ரோமீற்றர் 1.037 அளவில் தொடங்கி 1.010 அளவுக்கு இறங்கும். மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் அடைப்பேன். அரை லீற்றர் போத்தலுக்கு 3 கிராம் சீனி, கூட்டக் கூடாது. மதுசாரம் சுமார் மூன்றரை வீதம்.

குடியால் நொந்த வீடென்றால் இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம்.