மருத்துவச்சி: ஒரு சொல்லின் ஏற்றமும் இறக்கமும்



இப்பொழிவுத் தொடரில் இலக்கணமும் இலக்கியமும் பலமுறை பேசப்பட்டுள்ளன. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது பிள்ளைப்பேறு. மொழியியல் பயின்றோர்க்கு இதில் என்ன பணி என்னும் ஐயம் எழலாம். ஒரு தொழில் மறையும்பொழுது அதன் சொற்களும் மறைகின்றன. சொல் மறைந்தால் அதனுள் பொதிந்திருந்த அறிவும் மறைகின்றது. வீட்டிலேயே பிள்ளை பெறும் வழக்கமும் அதற்குத் துணைநின்ற மருத்துவச்சியின் தொழிலும் இரண்டு தலைமுறைக்குள் நம்மிடையே அரிதாகிவிட்டன. அவர் விட்டுச்சென்ற சொற்களுள் எவற்றைக் காக்க வேண்டும், எவற்றைக் கைவிட வேண்டும் என்று தெளிவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் மருத்துவச்சி என்னும் சொல்லையே காண்போம். தமிழன் என்பதற்குத் தமிழச்சி போல, மருத்துவன் என்பதன் பெண்பால் மருத்துவச்சி. ஈழத் தமிழர் இதனை மருத்துவிச்சி என்பர். இலக்கணப்படி ஆண்பாலும் பெண்பாலும் ஒரே தகுதி உடையன. வழக்கிலோ இரண்டும் வெவ்வேறு திசையிற் சென்றன. மருத்துவர் என்பது பட்டம் பெற்ற அறிஞரைக் குறிக்கும் உயர்வுச் சொல்லாயிற்று. மருத்துவச்சி என்பது பிள்ளைப்பேறு பார்க்கும் சிற்றூர்ப் பெண்ணை மட்டும் குறித்து நின்றுவிட்டது. 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை எவரும் மருத்துவச்சி என்று எழுதத் துணிவதில்லை. 'பெண் மருத்துவர்' என்று இரு சொற்களைச் சேர்த்து எழுதுகிறோம். கையில் ஒரு பெண்பாற் சொல் இருந்தும் அதனைத் தவிர்த்து வேறொன்றைக் கட்டிக்கொண்டோம்.

ஏன் இந்த விலக்கம்? விடை இலக்கணத்தில் இல்லை, சமூகத்தில் உள்ளது. தமிழகச் சிற்றூர்களில் முடிதிருத்தும் தொழில் செய்த குடியினரே பெரும்பாலும் மருத்துவமும் செய்தனர். அக்குடிப் பெண்களே பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவர் என்பது இன்றும் அச்சமூகத்தின் பெயர்களுள் ஒன்று. வலி கண்ட இரவில் மருத்துவச்சி வீட்டின் உள்ளறை வரை அழைக்கப்பட்டார். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்தபின் அவருக்கு உரிய இடம் வாசலாயிற்று. உயிரை ஏந்திய கைக்குக் கூலியாக நெல்லும் பழந்துணியும் கிடைத்தன, மதிப்பு கிடைக்கவில்லை. அவ்விழிவு அவரது பெயர்ச்சொல்லிலும் படிந்தது.

பிறமொழிகள் இத்தொழிலை எவ்வாறு பெயரிட்டன என்பதை ஒப்பிட்டால் நம் நிலை இன்னும் தெளிவாகும். மிட்வைஃப் என்னும் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் 'பெண்ணோடு இருப்பவர்' என்பது. பிரெஞ்சு மொழியின் சாஜ்-ஃபாம் 'அறிவுடைய பெண்' என்று பொருள்படும். ஜெர்மானியரின் ஹெபாமெ என்பது, பிள்ளையைத் தூக்கி எடுக்கும் பாட்டி என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்தது. நம் சொல்லோ இவை எவற்றினும் உயர்ந்தது. மருந்தறிந்தவர் என்றே அது கூறுகிறது. சொல் தந்த மதிப்பைச் சொன்னவர்கள் பறித்துக்கொண்டனர்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கோயில் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் வந்து சேர முடியாத ஒரு மகளுக்கு, இறைவனே தாயின் வடிவில் வந்து பேறுகாலத் துணையாக இருந்தார் என்பது தொன்மம். அவர் அங்கே செய்த பணி மருத்துவச்சியின் பணி. ஆயினும் அவர் பெற்ற பெயர் தாயும் ஆனவர் என்பதே. இறைவன் செய்தபோதும் அத்தொழிலின் பெயர் போற்றப்படவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

இனி, மருத்துவச்சியரின் சொற்களுக்கு வருவோம். கருவைச் சூழ்ந்துள்ள நீர்ப்பையைத் தமிழ் பனிக்குடம் என்கிறது. குளிர்ந்த நீர் நிறைந்த குடம் என்னும் காட்சி அச்சொல்லிலேயே உள்ளது. குடம் உடைந்தால் இனிக் காத்திருக்கலாகாது என்பதைப் பள்ளி செல்லாத பெண்ணும் அறிவாள். சூட்டு வலி, பேற்று வலி என்னும் பாகுபாடு மற்றொன்று. நிறைமாதத்தில் வரும் வலியெல்லாம் பேற்று வலியன்று. சீரகம் கொதிக்கவைத்த நீரைக் கொடுத்துப் பொறுத்துப் பார்ப்பர். அடங்கினால் சூட்டு வலி, வளர்ந்தால் பேற்று வலி. பிள்ளையின் தலை கீழ்நோக்கி அமைவதைத் 'தலை திரும்பிவிட்டது' என்பர். கைகளால் வயிற்றைத் தடவி அறிந்த அறிவு அது.

நஞ்சுக்கொடி என்னும் சொல் இவற்றுள் மிகவும் கூர்மையானது. பிள்ளை பிறந்த பின்னரும் மருத்துவச்சி ஓய்வதில்லை. 'நஞ்சு விழுந்ததா?' என்பதே வெளியே நிற்போரின் அடுத்த கேள்வி. நச்சுக்கொடி முழுமையாக வெளியேறாவிடின் உதிரப்போக்கு நிற்காது. தாயின் உயிர் போகும். பேறுகால இறப்புக்கு உலகெங்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்று இவ்வுதிரப்போக்கே. நஞ்சு என்னும் பெயர் கேட்போர் செவியில் எச்சரிக்கையாகவே ஒலித்தது.

இவ்வளவு கூறியதால், வீட்டுப் பிள்ளைப்பேறு பொற்காலத்துக்குரியது என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டா. நம் மொழியே அதற்கு இடங்கொடாது. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்கிறோம். பெற்றெழுந்தவளைச் செத்துப் பிழைத்தவள் என்கிறோம். எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் பிழைக்காமற் போயிருந்தால் இத்தொடர்கள் இவ்வளவு வேரூன்றியிருக்கும்! கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பதும், சீம்பாலைப் பீய்ச்சி வெளியே கொட்ட வேண்டும் என்பதும் இதே மரபிற் கலந்து வந்தவைதாம். முன்னது வெறும் அச்சம். பின்னது பச்சிளங்குழந்தைக்கு நோயெதிர்ப்பு ஆற்றலைத் தரும் முதல் உணவைப் பறிக்கும் வழக்கம். இவை போகட்டும்.

ஆயின், தீங்கு வீட்டிலா மருத்துவமனையிலா என்று கேட்பது பிழையான கேள்வி. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர்; மற்றொன்றில் மருத்துவச்சியர் பயின்றனர். மாணவர் பிரிவிலேயே தாய்மார் மிகுதியாக இறந்தனர். பிணஅறையிலிருந்து வரும் மாணவரின் கைகளே காரணம் என்று கண்ட செம்மல்வைஸ், 1847இல் குளோரின் கலந்த நீரிற் கைகழுவச் செய்தார், இறப்பு சரிந்தது. கழுவாத கை எங்கிருந்தாலும் கொல்லும். கழுவிய கையும் பயின்ற கண்ணும் எங்கிருந்தாலும் காக்கும்.

நம் நாட்டு வரலாறும் இதனையே காட்டுகிறது. மலாய்ச் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர் பீடான் எனப்பட்டார். மலேசிய அரசு அவரைப் பகைத்து விரட்டவில்லை. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சியர் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்து, தூய்மையைக் கற்பித்துத் துணையாக்கிக்கொண்டது. கூடவே, பயிற்சி பெற்ற மருத்துவச்சியரை ஊர்ப்புற மருந்தகங்களில் அமர்த்தியது. அவர்கள் முதலில் வீடுகளுக்கே சென்று பேறு பார்த்தனர். இடர் கண்டால் மருத்துவமனைக்கு அனுப்பினர். இலங்கையும் இவ்வழியிற் சென்றது. பேறுகால இறப்பைக் குறைப்பதில் இவ்விரு நாடுகளும் பெற்ற வெற்றியை உலக வங்கி 2003இல் ஒரு தனிநூலாகவே வெளியிட்டது. சிங்கப்பூரில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல். அத்துணைப் பிள்ளைகளை ஏந்தியவருள் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற மருத்துவச்சியரே.

மருத்துவமனை தாயின் உயிரைக் காத்தது. இதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் அங்கே நம் வாக்கியங்கள் மாறின. 'அவள் பிள்ளை பெற்றாள்' என்னும் தொடரில் எழுவாய் தாய். பெறு என்னும் வினையிலிருந்தே பேறு பிறந்தது. பதினாறு பேறுகள் என்கிறோமே, அந்தப் பேறு. இன்று நாம் கேட்பது 'டெலிவரி ஆயிற்று', 'குழந்தையை எடுத்துவிட்டார்கள்' என்பவை. முதல் தொடரிற் பெற்றவளையே காணோம். இரண்டாம் தொடரில் எழுவாய் மருத்துவர். அறுவையால் பெற்றவளும் பெற்றவளே. 'சுகப்பிரசவம்' என்று ஒன்றைப் பெயரிட்டு, மற்றொரு வழியிற் பெற்றவளைக் குறைவுடையவளாக நிறுத்துவது நம் சொல் செய்யும் கொடுமை. இயல்பான பேறு, அறுவைப் பேறு என்று கூறினால் போதும்.

ஒரு வினைச்சொல் மட்டும் இன்னும் நம்மிடம் எஞ்சியுள்ளது. பிரசவம் 'பார்த்தார்' என்கிறோம், 'செய்தார்' என்பதில்லை. பார்த்தல் என்பது உடனிருந்து கவனித்தல். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள், தாயும் சேயும் நலமாக இருப்பின் வலி மெல்ல முன்னேறுவதை மட்டும் காரணமாக்கி விரைவுபடுத்த வேண்டா என்கின்றன. தாய் விரும்பும் துணை அருகிருக்க வேண்டும் என்கின்றன. அவளுக்கு ஏற்ற நிலையில் அவள் பெறலாம் என்கின்றன. பார்த்தல் என்னும் வினையின் பொருளை இதைவிட நன்கு விளக்க முடியாது. 2023இல் யுனெஸ்கோ நிறுவனமும் மருத்துவச்சியரின் அறிவையும் திறனையும் மாந்த இனத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. உலகம் மதித்ததைத் தமிழ் பேசுவோர் மதிக்க இனித் தடையென்ன?

இம்மன்றத்தின்முன் நாம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, பட்டமும் பயிற்சியும் பெற்றுப் பேறு பார்ப்பவரை மருத்துவச்சி என்றே மதிப்புடன் எழுதுவோம். நம் நாடுகளில் தாதி என்பதும் தமிழகத்தில் செவிலி என்பதும் நோயாளரைப் பேணுவோரைக் குறிக்கின்றன. இரண்டும் முன்னாளில் வளர்ப்புத்தாயைக் குறித்தவை. அவை தொழிற்பெயராக உயர்ந்திருக்க, மருத்துவச்சி மட்டும் தாழ்ந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கருவுற்ற தாய்மாருக்கான தமிழ் அறிவிப்புகளை எழுதுவோர், ஆங்கிலத்தை முன்வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் வேண்டா. 'தண்ணீர் உடைந்தால்' என்று படிக்கும் தமிழ்ப் பெண் திகைப்பாள். 'பனிக்குடம் உடைந்தால்' என்றால் உடனே எழுந்து புறப்படுவாள். இங்கே சொற்றேர்வு உயிர் பற்றியது, நடையழகு பற்றியதன்று.

மூன்றாவது, தோட்டப்புறங்களில் வாழ்ந்து இன்று நகரடுக்குகளில் குடியிருக்கும் முதிய தாய்மார் பலர் இச்சொற்களை இன்னும் அறிவர். மசக்கை முதல் பத்தியம் வரை அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வோம். பேத்தி கேட்டால் பாட்டி சொல்வார். ஆய்வாளர் கேட்பதினும் அது சிறந்தது. சொல்லோடு சேர்த்து அதன் பயனையும் தீங்கையும் எழுதிவைப்போம். மரபு என்பதற்காக ஏற்கவும் வேண்டா, பழமை என்பதற்காகத் தள்ளவும் வேண்டா.

நம் முன்னோருள் பெரும்பாலோரை முதலில் தொட்ட கை ஒரு மருத்துவச்சியின் கை. அக்கைக்குரியவரின் பெயரை நாம் அறியோம். அவரது தொழிற்பெயரையாவது தலைநிமிர்ந்து உச்சரிப்போம் என்று கேட்டு, இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.