அலசின தண்ணிக்கு அடுத்த வேலை

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரர் என்ன சொன்னார்? "வறண்ட ஊரிலே ரசாயன ஆலை எதுக்கு? பூட்டுங்க!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பூட்டிட்டா, அங்கே வேலை பார்க்கிற மனுஷன் ராத்திரி வீட்டுக்கு வந்து எதைச் சாப்பிடுவார்? பூட்டின சாவியையா? (சிரிப்பு)

ஐயா, வினையூக்கி செய்கிற ஆலையையே எடுத்துக்குவோம். வினையூக்கின்னா யாரு? கல்யாணத் தரகர்! இரண்டு பேரைச் சேர்த்து வைப்பார்; அவர் கூடவே குடித்தனம் நடத்த மாட்டார். (கைதட்டல்) எண்ணெயை வனஸ்பதியாக்குகிற நிக்கல் அப்படிப்பட்ட தரகர்தான்.

அதை எப்படிச் செய்யறாங்க? நிக்கல் உப்புக் கரைசலிலே சலவை சோடாக் கரைசலைச் சேர்த்தா, மாவு மாதிரி அடியிலே படியும். அதிலே ஒட்டியிருக்கிற சோடியம் போகலேன்னா தரகர் வேலை செய்ய மாட்டார். அதனாலே திரும்பத் திரும்ப அலசணும். தண்ணி போகிற பெரிய வழி அதுதான்!

தாய்மார்களே, தண்ணிக் கஷ்டத்திலே நீங்க பாத்திரம் எப்படிக் கழுவுறீங்க? மூணு வாளி. மூணாவது வாளித் தண்ணி அடுத்த தடவை இரண்டாவது வாளிக்கு வரும். இரண்டாவது, முதல் வாளிக்கு வரும். புதுத் தண்ணி கடைசி அலசலுக்கு மட்டும். ஆலையும் அதையே செய்யட்டும்! மூவாயிரம் லிட்டர் வேண்டிய இடத்திலே ஆயிரம் போதும். சோடியம் மிச்சமிருந்தா, வாளி ஒண்ணு கூடட்டும், தண்ணி கூடாது!

"அந்த ஆயிரத்துக்கு எங்கே போறது?" என்பீர்கள். 2019-லே சென்னை ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்னாங்க. அதே 2019-லேதான் கொடுங்கையூரிலே, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வூடு பரவல் முறையிலே சுத்திகரிச்சு மணலி ஆலைகளுக்கு அனுப்புகிற நிலையம் வந்தது. நாம வேண்டாம்னு விட்ட தண்ணி ஆலைக்கு. ஏரித் தண்ணி நம்ம குடத்துக்கு! (கைதட்டல்)

ஒரு நிபந்தனை. முதல் அலசலிலே வருகிற உப்புத் தண்ணியைக் காய்ச்சி, உப்பைப் பிரிச்செடுக்கணும். அதுக்குச் செலவாகும்தான். அந்தச் செலவுக்கு அஞ்சி ஆத்திலே திறந்துவிட்டா, நானே எதிரணியிலே போய் உட்காருவேன்!

நடுவர் அவர்களே! வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்த வள்ளுவர், உழவுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். தண்ணீரும் வேண்டும், தொழிலும் வேண்டும். மூட வேண்டியது ஆலையை அல்ல, ஒரு தடவை அலசிவிட்டுக் கொட்டுகிற குழாயை! அதுவே சரியான தீர்வு என்று தீர்ப்பளிக்கக் கேட்டு அமர்கிறேன்.