கை வலியை மறைக்காதீர்கள்!

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



"எடை தூக்குவதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று செயலாளர் என்னை அழைத்தார். நான் இரும்பைப் பற்றிப் பேச வரவில்லை. இதோ, இந்த வலக்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எனக்கு வயது 53. பதினேழாவது வயதில் இதே மன்றத்தின் பின்கட்டில், பெயிண்டு டின்னில் சிமெண்டு ஊற்றி, குழாய்க் கம்பியில் செருகித் தூக்கத் தொடங்கியவன். அன்றிலிருந்து விட்டதில்லை. காலையில் பால்வெட்டு, மாலையில் இரும்பு. சம்பளத்துக்கும் இந்தக் கைதான். ஆசைக்கும் இந்தக் கைதான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரும்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1950-இல் ஆக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில், மலாயாவின் தோ ஃபூக் ஹங், கோ எங் தோங் இருவரும் தங்கம் வாங்கியது எடை தூக்கித்தான். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த தான் ஹாவ் லியாங்கும் எடை தூக்கியவரே. பந்து வாங்கவும் திடல் வெட்டவும் காசில்லாதவனுக்கு ஒரு கம்பி போதும். நிற்க.

இரண்டாண்டுகளுக்கு முன்பு, மரம் இலையுதிர்ந்து மறுபடி துளிர்த்து, வெட்டு முழுமையாகத் தொடங்கிய சமயம். ஒரு காலை தேநீர்க் கோப்பையை எடுத்தேன். முழங்கையின் வெளிப்புற எலும்பில் சுருக்கென்றது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். முதல் நாள் மாலை 90 கிலோ தூக்கிய கை, ஒரு கோப்பைத் தேநீரைத் தூக்க மறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. தைலம் தேய்த்தேன். கட்டுத்துணி சுற்றிச் சட்டைக் கைக்குள் மறைத்தேன். பால்வெட்டும் கத்தியைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். மாலையில் மட்டும் மன்றத்துக்குப் போகாமல் இருந்தேனா? போனேன்! நான் வராவிட்டால் தம்பிமார்கள் என்ன நினைப்பார்கள் என்ற வீறாப்பு.

வலியோடு வெட்டினால் என்ன ஆகும் என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். கத்தி ஒரே சீராகப் போகாது. பட்டை தாண்டிக் கட்டையில் காயம் விழும். கங்காணி ஏசினார்; அவர் ஏசியது நியாயம்தான், காயம் என்னுடையது. என் நிரையில் 520 மரம். அந்த மாதக் கடைசியில் இருநூறைத் தாண்ட முடியவில்லை. மிச்சத்தைத் தன் நிரையை முடித்துவிட்டு வந்து என் மனைவி வெட்டினாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றிரவு அவள் பேசியதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

பிறகு பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். பத்தே நாளில் வலி பறந்தது! ஆகா, இதுவன்றோ வைத்தியம் என்று அந்த வாரமே பழைய எடையைத் தூக்கினேன். மூன்றாம் மாதம் வலி இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. கதவுப் பிடியைத் திருக முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. ஐந்து வாரம் வெட்டுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தேன். வெட்டினால்தான் நமக்குக் காசு. அந்த ஐந்து வாரமும் மளிகைக் கடைக் கணக்கு எப்படி ஏறியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஊசியின் கதையைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் இதே வலியுள்ள 198 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்குப் பயிற்சி வைத்தியம், ஒரு பிரிவுக்கு வெறும் அறிவுரை. ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 78 பேர் தேறியிருந்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் மூன்று பிரிவிலும் பின்தங்கி நின்றவர்கள் அதே ஊசிக்காரர்கள்தாம். பலருக்கு வலி திரும்பியது. ஊசி பொய் அன்று. அது வலியை அடக்குகிறது. அடங்கிய வலியை ஆறிய காயம் என்று எண்ணியது என் பிழை.

அடுத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரப்பி அம்மையார் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பது. அதுவரை யாரும் கேட்காத கேள்வி! வெட்டிக் காட்டச் சொன்னார். ஒரு பேனாவைக் கத்தியாகப் பிடித்து, அவர் அறைச் சுவரில் வெட்டிக் காட்டினேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நம்மவர்கள் எல்லாவற்றையும் "நரம்பு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இது நரம்பு அன்று. தசையை எலும்போடு கட்டும் கயிறு இது. வில்லுக்கு நாண் போல் இருப்பதால் தசைநாண் என்பார்கள். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளின் நாண்கள் எல்லாம் முழங்கையின் வெளிப்புற எலும்பில் வந்து ஒட்டுகின்றன. நாம் எதை இறுகப் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்காமல் நிற்பது அவற்றால்தான். ஆகையால் கத்தியைப் பிடித்தாலும் கம்பியைப் பிடித்தாலும் இழுபடுவது ஒரே இடம். டென்னிஸ் ஆடுகிறவர் பெயரால் இந்த நோயை அழைக்கிறார்கள். டென்னிஸ் மட்டையைக் கையால் தொடாத எனக்கு அந்த நோய்!

தசை சில வாரத்தில் பலப்படும். நாண் அப்படி அன்று. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்தபோது காற்றில் ஒருவகைக் கரி மிகுந்து, உண்ட உணவு வழியே மனித உடலிலும் ஏறியது. அதை அடையாளமாக வைத்து டென்மார்க்கு நாட்டார் குதிகால் நாணை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். வளர்ந்து முடிந்த பிறகு அந்த நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லையாம். முழங்கை நாணும் அப்படியே என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வயதுக்காரன் தன் கயிற்றைப் பார்த்து இழுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, என்ன செய்தேன்? முழு ஓய்வு கூடாது என்றார் அம்மையார். இழுப்பே இல்லாத நாண் இன்னும் சோர்ந்துபோகும். முதல் இரண்டு வாரம், முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு கிலோ எடையைப் பிடித்து 40 விநாடி அசையாமல் நிறுத்துவது. ஐந்து தடவை. ஒரு கிலோ! தம்பிமார்கள் சிரிக்கலாம், நான் அழாத குறை. பிறகு, இடக்கையால் எடையை மேலே தூக்கிவிட்டு, வலக்கையால் மெல்ல, நாலு எண்ணும்வரை, கீழே இறக்குவது. பதினைந்து தடவை, மூன்று சுற்று, நாள்தோறும். அத்தோடு நனைத்த துண்டை மெதுவாகப் பிழிவது. பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலை பழைய அளவுக்கு அடங்கியிருந்தால் சரி. அதிகமாயிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். இதுதான் அளவுகோல், வேறில்லை.

மன்றத்தில் கால், முதுகுப் பயிற்சிகளை விடவில்லை. நேர்க்கம்பியைப் பிடித்துக் கை மடக்குவதை விட்டேன். தொங்கி ஏறுவதை விட்டேன். கனமாக இழுக்கும்போது மணிக்கட்டுப் பட்டையைக் கம்பியில் சுற்றிப் பிடித்தேன்; பிடியின் இறுக்கம் குறையும். காட்டில், ஜெபோங் கத்தியின் பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றித் தடிமனாக்கினேன். தினமும் தீட்டினேன். மழுங்கிய கத்தி கேட்பது கூடுதல் கைப்பலம், அதைச் சோம்பலால் நாமே கொடுக்கிறோம். நாலாவது மாதம் துணி பிழிந்தேன். ஏழாவது மாதம் என் நிரையை நானே முடித்தேன். இன்று 70 கிலோவில் நிற்கிறேன். 90-க்குப் போவேனா என்று கேட்காதீர்கள், வீட்டுக்காரி முன்வரிசையில் இருக்கிறாள்.

இதில் விளையாடக் கூடாத ஒன்றும் உண்டு. எடை தூக்கும்போது முழங்கை மடிப்பில் 'டப்' என்று தெறித்தது போலிருந்து, கன்றிப்போய், புயத்துத் தசை மேலே சுருண்டுகொண்டால், அது நாண் அறுந்தது. பெரும்பாலும் நாற்பது வயது தாண்டிய ஆண்களுக்கு வருவது. புகை பிடிப்பவர்களுக்கு அதிகம். தைலம் தேய்த்துக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மூன்று வாரம் கடந்தால் தைத்துச் சேர்ப்பது கடினமாகிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையை அடக்காமல் கையைக் குணப்படுத்தப் பார்ப்பது வீண் வேலை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்து இலாகா 2008-இலேயே கடும் எச்சரிக்கை விட்டது. கைவலி உண்டென்றும் எடை தூக்குகிறேன் என்றும் மருந்து எழுதும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இது சங்கத்து விஷயம். நான் ஏன் மறைத்தேன்? வீறாப்பு பாதி. மறு பாதி, கை வலி என்று சொன்னால் நிரை வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயம். இந்தப் பயம் என் ஒருவனுக்கா? இங்கே எத்தனை பேர் சட்டைக் கைக்குள் கட்டுத்துணி சுற்றியிருக்கிறீர்கள்? 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், சொக்சோ என்கிறோமே அதில்தான், விபத்தோடு தொழிலால் வரும் நோய்களும் அடங்கும். 2019 முதல் அயல்நாட்டுத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வேலையால் வந்தது என்று காட்ட வேண்டும். முதல் வலியிலேயே டாக்டரிடம் போய், என்ன வேலை, எத்தனை மரம், எந்தக் கை என்று எழுத வைத்தவனுக்கு வழக்கு நிற்கும். என்னைப் போல் எட்டு மாதம் தைலம் தேய்த்தவனிடம் தைலப் புட்டி ஒன்றுதான் சாட்சி. ஆகையால் கைவலிக்காரர்களுக்கு டாக்டர் கடிதம் உள்ளவரை இலேசான வேலையும், குணமானதும் அவரவர் நிரையும் கேட்டு நிர்வாகத்தோடு பேச வேண்டும் என்று இந்தக் கிளைக்குத் தீர்மானம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் இப்போது வாசிப்பார்.

பயிற்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு மன்றத்துக்கு வரலாம். பெண்களும் வரலாம். ஆளுக்கொரு துண்டு கொண்டுவாருங்கள், தண்ணீர்க் குழாய் அங்கேயே இருக்கிறது.