ரிங்கைச் சுற்றி ஐந்து நாற்காலிகள்

(வடசென்னையில் இளைஞர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குத்துச்சண்டை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். 2021-இல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு கிளவுஸ் மாட்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். மகிழ்ச்சிதான். ஆனால் இன்று நான் பேச வந்தது கிளவுஸ் மாட்டாதவர்களைப் பற்றி. ரிங்குக்குள் நிற்கிற ரெஃப்ரீ ஒருவர். ரிங்கைச் சுற்றித் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிற ஜட்ஜுகள் ஐந்து பேர். சில ஆண்டுகளாக நான் அந்த வேலையைச் செய்துவருகிறேன். நீங்களும் அதற்கு வர வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் வர வேண்டும்? ஒரு கணக்கு சொல்கிறேன். ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின வீரர் 1908-இல் சிட்னியில் டாமி பேர்ன்ஸை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்துக்கு ஒரு கறுப்பின வீரர் வந்தது அதுதான் முதல் முறை. அந்தப் பட்டத்துக்கான சண்டையில் ஒரு கறுப்பினத்தவர் ரெஃப்ரீயாக நின்றது எப்போது தெரியுமா? 1952-இல். பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டும் எஸார்ட் சார்லஸும் மோதிய சண்டை. ரெஃப்ரீயின் பெயர் ஜாக் கிளேட்டன். இடையில் 44 ஆண்டுகள்.

அடி வாங்கவும் அடி கொடுக்கவும் ஒடுக்கப்பட்டவனை ரிங்குக்குள் விடுவார்கள். அதற்கு டிக்கெட் விற்கும். ஆனால் 'இவன் ஜெயித்தான், இவன் தோற்றான்' என்று சொல்லும் அதிகாரத்தை அவ்வளவு சீக்கிரம் தர மாட்டார்கள். பெண்களுக்கும் இதே கதைதான். ஹெவிவெயிட் பட்டச் சண்டையில் முதன்முதலாக ஒரு பெண், ஈவா ஷெயின், ஜட்ஜாக உட்கார்ந்தது 1977-இல், முகமது அலியும் எர்னி ஷேவர்ஸும் மோதியபோது.

இது நமக்குப் புதிய செய்தி இல்லை. 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் வைத்த வாதம் என்ன? நம் கருத்தை வேறு யாரோ எடுத்துச் சொன்னால் போதாது, நம் ஆளே அங்கே உட்கார வேண்டும் என்பதுதான். வகுப்புவாரி உரிமைக்கான போராட்டமும் நாற்காலிக்கான போராட்டம்தான். விளையாட்டில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். 'விளையாட்டில் ஏது சாதி, திறமைதானே பேசும்' என்கிறார்கள். குத்துச்சண்டையில் திறமை தானாகப் பேசாது தோழர்களே. கால்பந்தில் பந்து வலைக்குள் போனால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். இங்கே யாராவது பார்த்து, எடைபோட்டு, எண்ணாக எழுத வேண்டும்.

அதில் எவ்வளவு தவறு நடக்கும்? 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் விட்டார், கொரிய வீரர் 32 விட்டார் என்று எண்ணிச் சொன்னார்கள். தீர்ப்பு 3–2 என்று கொரியருக்குப் போனது. 2014 இஞ்சியான் ஆசியப் போட்டியின் அரையிறுதித் தீர்ப்பை ஏற்காத மணிப்பூரின் சரிதா தேவி, தன் வெண்கலப் பதக்கத்தை எதிர்த்து ஆடிய கொரிய வீராங்கனையின் கழுத்திலேயே மாட்டினார். தடை சரிதாவுக்குத்தான் கிடைத்தது, ஓராண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, அங்கே பணியாற்றிய 36 ரெஃப்ரீ, ஜட்ஜுகளையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவைத்தார்கள்.

'அப்படியானால் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடலாமே' என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள். 1992 முதல் 2012 வரை ஒலிம்பிக்கில் பட்டன் முறைதான். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் அழுத்தினால் ஒரு புள்ளி. பட்டனை அழுத்தியதும் மனிதர்கள்தானே? சர்ச்சை ஓயவில்லை. ஆகவே மனிதர்கள் மாற வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஜட்ஜ் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு ரவுண்டிலும் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. முதலில் பார்க்க வேண்டியது, கிளவுஸின் முட்டிப் பகுதியால் தலையின் முன்னும் பக்கவாட்டிலும், பெல்ட்டுக்கு மேலே உடம்பிலும் சுத்தமாக விழுந்த குத்துகளை. அடுத்து, யார் நுட்பத்தால் ஆட்டத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தார் என்பதை. பிறகு, யார் போட்டியிடும் முனைப்போடு இருந்தார் என்பதை. பக்கத்து ஜட்ஜிடம் கேட்கக் கூடாது. கூட்டம் போடும் சத்தம் குத்து இல்லை. ரவுண்டு முடிந்த சில நொடிகளில் உங்கள் எண் போய்விட வேண்டும்.

ரெஃப்ரீ வேலை வேறு. 'ஸ்டாப்', 'பாக்ஸ்', 'பிரேக்' என்று வாயிலிருந்து வரும் கட்டளைகள் மூன்றே மூன்று. ஆனால் பொறுப்பு ஒரு உயிர். 1962-இல் நியூயார்க்கில் எமில் கிரிஃபித்தின் குத்துகளில் கயிற்றோடு சாய்ந்து கிடந்த பென்னி பேரட்டை ரெஃப்ரீ காப்பாற்றுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. பத்து நாளில் அந்த வீரர் இறந்தார். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர்தான் ரெஃப்ரீ. அடி வாங்கும் பையனை 'இவனுங்க தாங்குவானுங்க' என்று பார்க்கிற கண்ணும், 'இவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள்' என்று பார்க்கிற கண்ணும் ஒரே நொடியில் நிறுத்தாது. நம் ஆட்கள் அங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

எப்படி வருவது? நீங்கள் சாம்பியனாக இருந்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் குத்துச்சண்டைச் சங்கத்துக்குப் போங்கள். ரெஃப்ரீ–ஜட்ஜ் வகுப்பும் தேர்வும் எப்போது என்று கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் டைம் கீப்பர் மேசையில், கிளவுஸ் சரிபார்க்கும் மேசையில் வேலை கேளுங்கள். அங்கே உட்கார்ந்தால் ஆட்டத்தின் முழு நடைமுறையும் புரிந்துவிடும். மாவட்டத்தில் பழகி மாநிலம், அங்கிருந்து இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் தேசியத் தேர்வு, அதற்குப் பிறகு சர்வதேச நிலை. எழுத்துத் தேர்வும் இருக்கும், ரிங்கில் நின்று செய்துகாட்டும் தேர்வும் இருக்கும். உடல் தகுதியும் வேண்டும். பழைய சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரத்தை 2023-இல் ஒலிம்பிக் குழு எடுத்துவிட்டது. இப்போது 'வேர்ல்டு பாக்ஸிங்' என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. பழைய கதவுகள் கழன்று கிடக்கும் நேரம், நுழைவதற்கு நல்ல நேரம்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். பழைய சண்டை ஒன்றைப் போனில் போடுங்கள். கமென்ட்ரி சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் எண்ணை எழுதுங்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு தீர்ப்பைப் பாருங்கள். நூறு சண்டைக்கு இதைச் செய்தால் உங்கள் கண் மாறிவிடும்.

தடைகளையும் சொல்லிவிடுகிறேன். இது சம்பள வேலை இல்லை. போட்டி நாட்களுக்குப் படி கிடைக்கும், அவ்வளவுதான். லீவு கிடைக்கிற வேலையில் இருப்பவர் வருவார், தினக்கூலி வாங்குபவருக்கு அன்றைய கூலி போகும். சர்வதேச விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சாதியைப் பெயர் சொல்லிக் கேட்காமலேயே ஆட்களை வடிகட்டும் சல்லடை இதுதான். விதிகளைத் தமிழில் சேர்ந்து படிக்கும் ஒரு வாசகர் வட்டத்தை, தேர்வுக்குப் போகும் ஒரு பெண்ணின் பயணச் செலவை நம் அமைப்புகள் ஏற்க முடியாதா? கொல்கத்தாவின் கித்திர்பூர் துறைமுகப் பகுதியிலிருந்து ரசியா ஷப்னம் என்ற இஸ்லாமியப் பெண் இந்தியாவின் முதல் பெண் ரெஃப்ரீகளில் ஒருவராக வந்திருக்கிறார். நம் துறைமுகப் பகுதியிலிருந்து ஏன் முடியாது?

இன்னொரு தடை இருக்கிறது. ஒரு போட்டியில் அமைப்பாளர் ஒருவர் என்னிடம், "தம்பி, எந்த ஏரியா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ அந்தப் பசங்க பவுட்டுக்கு நீங்க உட்கார வேணாம்" என்றார். ஆட இருந்த இருவருமே வேறு மாவட்டத்துக்காரர்கள். அவர் சொன்ன 'அந்தப் பசங்க' யார் என்று உங்களுக்குப் புரியும். சொந்த வீரருக்கு ஜட்ஜாக உட்காரக் கூடாது என்பது நல்ல விதி, நான் மதிக்கும் விதி. "மத்த நாலு பேர்கிட்டயும் இதே கேள்வியைக் கேளுங்க சார், நானே எழுந்துக்கறேன்" என்றேன். கேட்கவில்லை. அன்றைக்கு என்னை டைம் கீப்பர் மேசைக்கு அனுப்பினார்கள். நடுநிலைக்கு நம்மிடம் மட்டும் சான்றிதழ் கேட்பார்கள். அடுத்த போட்டிக்கும் போனேன், நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போட உங்களை நான் அழைக்கவில்லை. அப்படிப் போட்டால், பிறப்பைப் பார்த்து மார்க் போடுகிறவனுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. விழுந்த குத்தைப் பாருங்கள், விட்டவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காதீர்கள். இதைச் சொல்வது எளிது. இந்த நாட்டில் அப்படிப் பார்க்கும் கண்ணை உட்கார்ந்து பழகித்தான் பெற வேண்டும். பிறப்பை வைத்து எடைபோடப்படுவது என்னவென்று அனுபவித்தவர்களுக்கு அந்தப் பயிற்சியின் அருமை தெரியும்.

அடுத்த மாவட்டப் போட்டிக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் பவுட்டிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். அந்த ஐந்து நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போட்டி முடிந்ததும் சங்கத்து ஆளிடம் போய், தேர்வு எப்போது என்று கேளுங்கள்.