இருபது வயதிலேயே தொடங்கும் நாடி இறுக்கம்

 

நாடி இறுக்கம் வாப்பாமாரின் வயதில் வரும் நோயென்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். கொரிய யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் 1953இல் முடிவை வெளியிட்டனர். வீரர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதய நாடிகளில் இந்நோயின் அடையாளம் இருந்தது!

நாடியின் உட்சுவரில் கொழுப்பு வலியின்றிப் படிகிறது. பல்லாண்டுகளின் பின் அப்படிவு வெடிக்க, அதன்மேல் குருதி உறைகிறது. இதய நாடி அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் நாடி அடைபட்டால் பாரிசவாதம். மூளையின் நுண்ணிய நாடிகள் சிறிது சிறிதாக அடைபடும்போது ஞாபகம் தேய்கிறது. அதனை முதுமையென்று கூறி விட்டுவிடுகிறோம்.

திருகோணமலைத் துறைமுக ஓரத்தில் மாலையில் கூடும் இளைஞரே, உம் கையிலுள்ள சிகரெட் அச்சுவரைப் புண்படுத்துகிறது. பெற்றோரே, 35 வயதைக் கடந்தோருக்கு அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் குருதியமுக்கமும் சீனியும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. செல்ல நமக்குத்தான் நேரமில்லை!

நெஞ்சு இறுகி வியர்த்தால் வாயுவென்று இஞ்சி குடித்துப் படுக்காதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ விடியும்வரை காத்திராதீர்கள். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். உடனே 1990ஐ அழையுங்கள். அந்த நோயாளர் காவு வண்டிக்குக் கட்டணமில்லை. பாரிசவாதம் கண்டவருக்கு ஓதிய தண்ணீரையும் புகட்டாதீர்கள். விழுங்க இயலாமல் அது சுவாசக் குழாயில் இறங்கிவிடும். வண்டி வரும்வரை அருகிலிருந்து ஓதுங்கள்.