கைத்தொலைபேசியும் கமக்காரன் குரலும்

(வலிகாமத்துக் கிராமமொன்றில் கமக்காரர்களும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிருந்த நாட்களை உங்களிற் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டோம். சுற்றிய சிறுவர்களில் நானும் ஒருவன். கை ஓய்ந்தால் தமிழோசையும் ஓயும், பெரியவர்கள் அதட்டுவார்கள். ஒருநாள் எங்கள் பகுதியிற் குண்டு விழுந்த செய்தி வந்தது. "சந்தையடியில் இல்லை, கோயிலடியில்தான் விழுந்தது" என்று முதியவர் ஒருவர் வானொலிப் பெட்டியைப் பார்த்துத் திருத்தம் சொன்னார். பெட்டி அவருக்குச் செவிகொடுக்கவில்லை. கண்டவர் அவர், சொன்னது பெட்டி, உலகம் நம்பியது பெட்டியை.

இன்று அந்தப் பெட்டிக்குச் செவி முளைத்திருக்கிறது. உங்கள் மடியிலிருக்கும் கைத்தொலைபேசியில் அமைச்சர் பேசுவதைக் கேட்கலாம். அதே இடத்தில் அவருக்கு மறுமொழியும் எழுதலாம். ஆயினும் நாம் இன்னமும் மிதியைச் சுற்றும் சிறுவர்களாகவே இருக்கிறோம். வந்ததை மற்றவர்க்குத் தள்ளிவிடுகிறோம். நாம் கண்டதைச் சொல்வதில்லை. இதுபற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

மூன்று மாத அவகாசம்

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி 2430ஆம் இலக்க வர்த்தமானி வெளிவந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், வடமாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வரவேண்டும் என்பது அதன் சாரம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. குறித்த காலத்துள் உரிமை கோரப்படாத காணி அரசுக்குரியதெனப் பிரகடனஞ் செய்யப்படலாம். முப்பது ஆண்டு யுத்தத்தில் உறுதி எரிந்தவர்கள், நான்கு முறை இடம்பெயர்ந்தவர்கள், கடல் கடந்து போனவர்கள், காணிக்காரர் இறந்தும் மரணச் சான்றிதழ் பெறாத குடும்பங்கள் ஆகிய அனைவரும் மூன்று மாதத்துள் எழுத்துடன் வந்து நிற்கவேண்டுமாம்!

அந்த நாட்களில் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய தொலைபேசியில் ஒரு படம் இருந்தது. வர்த்தமானியின் ஒரு பக்கந்தான். ஆனால் மேற்பகுதி வெட்டுண்டு போயிருந்தது. இலக்கமில்லை, திகதியில்லை, எந்தச் சட்டத்தின் கீழ் என்பதுமில்லை. "பன்னிரண்டு பேர் அனுப்பிப்போட்டினம் தம்பி, பொய்யாய் இருக்குமோ?" என்று கேட்டார். பொய்யல்ல. முழு வர்த்தமானியையும் எடுத்துப் பார்த்தபோது அவருடைய காணி அதில் இல்லை. வெளிநாட்டில் வாழும் அவருடைய தமையனாரின் காணி இருந்தது. தமையனாருக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. அவர் இந்த ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எதிலும் இல்லை. அஞ்சவேண்டாதவர் இரண்டு கிழமை உறக்கமின்றி இருந்தார். அறியவேண்டியவர் ஒன்றும் அறியாமல் இருந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. சில நாட்களின் பின் அதே குழுக்களில் "வர்த்தமானி இரத்தாகிவிட்டது" என்றொரு செய்தி பரவிற்று. மக்கள் மகிழ்ந்து, எடுத்து வைத்த உறுதிகளைத் திரும்பவும் பெட்டகத்தில் வைத்தனர். நான் ஒவ்வொருவராக அழைத்து, மேடையிற் சொல்வது வேறு, வர்த்தமானியில் வருவது வேறு என்று விளக்க வேண்டியதாயிற்று. வர்த்தமானியில் வந்தது இன்னொரு வர்த்தமானியாலோ நீதிமன்றக் கட்டளையாலோ அன்றி நின்றுவிடாது. அடிப்படை உரிமை மனுவொன்றின் பேரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது ஜூன் 27ஆம் திகதி. மூன்று மாத அவகாசம் முடிவதற்கு முதல் நாள்! அந்தத் தடை கிடைத்திராவிட்டால், ஒரு குழுவிற் பரவிய இரண்டு வரிச் செய்தியை நம்பியவர்களின் கதி என்னவாகியிருக்கும்?

கேள்விச் சாட்சியம்

1895ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இந்நாட்டில் வழங்கும் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஒரு விதியைச் சொல்கிறது. கண்டவன் கண்டதைச் சொல்லவேண்டும். கேட்டவன் கேட்டதைச் சொல்லவேண்டும். "அவர் கண்டதாக இவர் சொன்னார்" என்பது பொதுவாக மன்றேறாது. வட்ஸ்அப்பில் நமக்கு வருவதில் எத்தனை பங்கு இந்தக் கேள்விச் சாட்சியம் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள்.

கேள்விச் சாட்சியம் ஊரை எரித்த வரலாறும் நம் நாட்டில் உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் மலட்டு மாத்திரை கலந்திருந்ததாக முகநூலில் வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரை உலகிலேயே இல்லை. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்த உணவைச் சோதித்தபோது கண்டது மாக்கட்டி. ஆனால் அந்த முடிவு வருவதற்குள் திகனையும் எரிந்துவிட்டது. அந்தத் தீயை மூட்டியவர்களுக்கு முகநூல் எவ்வாறு பயன்பட்டதென்பதை அந்த நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டு, 2020இல் மன்னிப்புக் கேட்டது. முஸ்லிம் சகோதரர்கள் பற்றி நமது தமிழ்க் குழுக்களிலும் இவ்வாறான கதைகள் வருவதுண்டு. அவற்றை அனுப்புகிறவர்கள் படித்தவர்கள் என்பதை இந்தச் சபையிற் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, பகிரங்க விவாதத்திற் கலந்துகொள்வதென்றால் சாட்சிக் கூண்டில் நிற்பதாக எண்ணிக் கலந்துகொள்ளுங்கள். உங்கள் வயலருகே குளக்கட்டு உடைந்திருந்தால் அதைப் படமெடுங்கள். இன்ன குளம், இன்ன திகதி, இத்தனை நாளாக இந்த நிலை, கமநல சேவை நிலையத்துக்கு இன்ன நாளில் அறிவித்தோம் என்று எழுதுங்கள். உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். வசைமொழி ஒன்றும் தேவையில்லை. திகதியிட்ட ஒரு படம், ஆயிரம் ஆவேச வசனங்கள் செய்யாததைச் செய்யும். படத்தை அனுப்பியதும் தொலைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். 1995ஆம் ஆண்டின் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இத்தகைய பதிவுகளை நீதிமன்றம் ஏற்க வழி செய்திருக்கிறது. ஆனால் மூலப்பதிவு இல்லாத படத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு நிமிடத்திற் கிழித்தெறிவார். நானே கிழித்திருக்கிறேன்.

அச்சமும் அவதானமும்

"பேசினால் பிடிப்பார்கள்" என்று தாய்மார்கள் சொல்வது காதில் விழுகிறது. அது வீண் பயமென்று நான் சொல்லப்போவதில்லை. கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த றம்சி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், இனவெறிக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் செய்யவேண்டும் என்ற கருத்தில் முகநூலில் எழுதினார். 2020 ஏப்ரலிற் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். நீதி வந்தது, ஆனால் மூன்றரை ஆண்டுகள் கழித்து வந்தது. அவர் மீது ஏவப்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். மனித உரிமையைக் காப்பதற்கென்று இயற்றப்பட்ட சட்டம் அது என்பது வேடிக்கை! 2024 ஜனவரியில், எதிர்ப்புகளையும் மீறி, 108 வாக்குகளுக்கு 62 என்ற கணக்கில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. பொய்யான கூற்றினாற் பொது ஒழுங்குக்கு ஆபத்து விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது அது. எது பொய் என்று யார் தீர்மானிப்பது என்பதே அன்று நாம் எழுப்பிய கேள்வி.

இந்த நிலையில் எனது ஆலோசனை ஒன்றுதான். நீங்கள் கண்டதை, ஆவணம் உள்ளதை, பதவியின் செயலைக் குறித்து எழுதுங்கள். ஓர் இனத்தையோ மதத்தையோ குறித்து ஒரு சொல்லும் எழுதாதீர்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வீர வசனம் எழுதும் உறவினருக்கு நம் அன்பைத் தெரிவிப்போம். ஆனால் அவருடைய வசனத்தை நம் பெயரில் பகிரவேண்டாம். விசாரணைக்கு அழைக்கப்படுபவர் அவரல்லர்.

அரசு வேண்டும்போது கம்பியையே அறுத்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் ஒரு வாரமளவு முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கிய வேளையிலும் பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் முடக்கினார்கள். 1961இல் நம் தலைவர்கள் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் இருந்தபோது, ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசு அஞ்சற் சேவையை ஆரம்பித்துத் தபாலையும் முத்திரையையும் தம் கைகளால் வழங்கினர். மூன்று நாட்களில் அவசரகாலச் சட்டம் வந்தது. கருவி எதுவாயினும், அது அறுபட்டால் வீட்டுக்கு வீடு நடந்து போய்ச் செய்தி சொல்லத் தெரிந்த மனிதர்கள் ஊரில் இருக்கவேண்டும்.

யாருடன் பேசுகிறோம்?

கசப்பான விடயம் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். நாம் தமிழில் எழுதுகிறோம். தமிழர் விருப்பக்குறி இடுகிறார்கள். கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கிளிநொச்சி வயலும் வாடியது, பொலன்னறுவை வயலும் வாடியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் நவம்பரில் அத்தடை தளர்ந்தது. அந்த விவாதத்தில் நம் கமக்காரரின் படங்கள் சிங்கள மொழிக் குறிப்புடன் எத்தனை சென்றன? தென்னிலங்கைக் கமக்காரர் நம் வயலைக் கண்டிருந்தால் தன் வயலையே கண்டிருப்பார். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் தங்கள் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் பிள்ளைகளின் பரீட்சைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். கமக்காரர் சொல்லும் ஐந்து வரியை மொழிபெயர்த்துக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

மற்றொன்று, விவாதம் எப்போது நடக்கிறதென்று அறிந்து போகவேண்டும். நமது அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின்படி ஒரு மசோதா சட்டமானபின் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த இயலாது. அதற்கு முன், மசோதா ஒழுங்குப் பத்திரத்திற் சேர்ந்த பின்னர் மனுச் செய்ய நாட்கணக்கில்தான் அவகாசம். சட்டம் நிறைவேறிய மறுநாள் முகநூலில் ஒப்பாரி வைப்பது பிணம் எரிந்தபின் வைத்தியரை அழைப்பதாகும். உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதி வரியை மாற்றும் வர்த்தமானிகளும் அப்படியே. கிழங்கு கிண்டும் வேளையில் வரி குறைந்த செய்தியைச் சுன்னாகம் சந்தையில் விலை சரிந்த பின்புதானே அறிகிறோம்?

எழுதுவதோடு நின்றுவிடவும் கூடாது. முகநூலில் ஐந்நூறு பேர் பகிர்ந்தாலும் அது கோப்பில் ஏறாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாளில் விண்ணப்பம் கொடுத்தால், 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க அந்த அலுவலகம் கடமைப்பட்டது. அந்தப் பதிலைப் படமெடுத்துப் பகிருங்கள். அப்போது விவாதத்தின் தரமே மாறிவிடும்.

இன்றைய ஒழுங்கைச் சொல்லி அமர்கிறேன். இந்த ஊர்க் குழுவில் வெள்ளிக்கிழமைதோறும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்த்து, காணி, விவசாயம், மீன்பிடி பற்றி வந்தவற்றை முழுப் பக்கமாக, இலக்கமும் திகதியும் தெரியப் போடும் பொறுப்பை இரு வாலிபர்கள் ஏற்றிருக்கிறார்கள். இடைநாட்களில் வரும் அதிவிசேட வர்த்தமானியையும் அவர்கள் பார்ப்பார்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடுகள் பதினேழு என்று எண்ணியிருக்கிறோம். அவற்றிற் பெரும்பாலானவை பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள். வாசிகசாலைப் பலகையில் அச்சுப் பிரதி ஒட்டப்படும். ஆசிரியை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதை உரக்க வாசிப்பார். வெளிநாட்டில் உள்ள காணிக்காரரின் பெயரும் தொடர்பும் அறிந்தவர்கள் போகுமுன் வாயிலில் உள்ள பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு உறுதி, நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் சரி, பிரதி எடுக்கும் வழியைப் பார்ப்போம்.