றோஸ்மீட் பிளேசும் யாழ்ப்பாணக் கச்சேரியும்

(வன்னிக் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



“தம்பி, நிலத்தில் உட்காருவது குற்றமோ?” என்று அண்மையில் முதியவர் ஒருவர் என்னை வினவினார். பறிபோன காணியைக் கேட்டுத் தெருவோரத்தில் அமர்ந்தவர் அவர். சட்டம் படித்த எனக்கு உடனே விடை கூற நா எழவில்லை. இந்நாட்டில் அக்கேள்விக்குரிய விடை, உட்கார்ந்தவர் யார் என்பதைப் பொறுத்தே இருந்து வந்திருக்கிறது.

1958ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, கொழும்பு றோஸ்மீட் பிளேசில் பிரதம மந்திரி பண்டாரநாயக்கா அவர்களின் இல்லத்தின் முன் பிக்குமார் வந்தமர்ந்தனர். 1957 ஜூலை 26இல் தந்தை செல்வாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையைக் கைவிட வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. அவர்கள்மீது தடியடி நடக்கவில்லை, இராணுவம் வரவில்லை. அன்றே உடன்படிக்கை கைவிடப்பட்டது. அதையும் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டே அவர்கள் எழுந்து சென்றனர்.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி, யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நம்மவர் அமர்ந்தனர். இதுவும் உட்காருதல்தான். முதல் நாளிலேயே பொலிசார் அவர்களை இழுத்தெறிந்தனர், அடித்தனர். ஏப்ரல் 17இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று, இராணுவம் இறங்கியது, தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டனர்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணியாக நின்றும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 14இல் நம்மவர் தமிழரசு அஞ்சற் சேவையைத் தொடங்கி, முத்திரையும் விற்றனர். அஞ்சல் அரசின் தனியுரிமை. அது குற்றமென்றால் நீதவான் முன் வழக்கிட்டிருக்கலாமே! வழக்கென்றால் சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேன்முறையீடு உண்டு. விசாரணையின்றித் தடுத்து வைப்பதில் இவற்றுள் எதுவுமில்லை. தண்டனையைவிட, விசாரணை மறுக்கப்பட்டதே என் நெஞ்சை உறுத்துகிறது. 1958இல் வாகனத் தகட்டின் ‘ஸ்ரீ’ எழுத்தை அழித்ததற்காகத் தந்தை செல்வாவை மட்டக்களப்பு நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியபோது அவர் முணுமுணுக்கவில்லை. அறிந்தே மீறினார், ஏற்றுக்கொண்டார். ஆயின் அதே நாட்களில் கொழும்பிற் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துக்களுக்குத் தார் பூசியோரைப் பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றனரே!

அதற்காகத் தெற்கில் துப்பாக்கி வெடிப்பதேயில்லை என்று மேடையில் முழங்குவதும் நேர்மையன்று. 1966 ஜனவரி 8இல், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஊர்வலத்திற் பிக்கு ஒருவர் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். 1956 ஜூன் 5இல் நம்மவர் காடையரால் அடிபட்ட அதே காலிமுகத்திடலில் 2022இல் போராட்டம் நிகழ்ந்தது. பின்னர் சிங்கள மாணவர் தலைவர் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 1979இல் நம்மை நோக்கித் தீட்டிய கத்தி அது. அன்று அதைக் கண்டிக்காதவர் பலர் 2022இல் கண்டித்தனர், தாமதமாயினும் வரவேற்போம்.

சரி, பாரபட்சம் எங்கே புகுகிறது? ஏட்டில் தேடினால் அகப்படாது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவைப் பாருங்கள். ஊர்வலம் தொடங்க ஆறு மணித்தியாலத்துக்கு முன் அண்மைப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது. தமிழன், சிங்களவன் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால், பொது ஒழுங்கைக் காக்க அவசியமெனக் கருதினால் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் ஊர்வலத்தைத் தடுக்கலாம், நிபந்தனை விதிக்கலாம். அந்தக் ‘கருதினால்’ என்ற சொல்லுக்குள்ளேதான் எல்லாம் இருக்கிறது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நம் மக்கள் நடந்தபோது, தடையுத்தரவு கேட்டுப் பொலிசார் நீதிமன்றங்களுக்கு விரைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆகையால் அறிவித்தலை எழுத்திற் கொடுங்கள். பிரதியில் நேரமும் ஒப்பமும் பெறுங்கள். மறுத்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டு, அதையும் குறித்து வையுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். “அறுவடை முடியட்டும் என்றிருந்தோம், ஐயா” என்று இரண்டு மாதம் கழித்து என் வாசலில் வந்து நிற்பவர்களே அதிகம். இனிமேல் அன்றைக்கே வாருங்கள். கட்டணத்தைப் பின்னர் பேசிக்கொள்ளலாம்.